சந்தனத்துக்குப் பூஞ்சை என்று பெயர்

பழைய இசைத்தட்டு விற்கும் இணையதளத்தில் ‘குட்’ என்று போட்டால் மோசம் என்று பொருள். ‘வெரி குட்’ என்றால் சுமார். நிம்மதியாகக் கேட்கலாம் என்று சொல்ல வேண்டுமானால் அதன் பக்கத்தில் ஒரு பிளஸ் போட வேண்டும். உண்மையிலேயே நன்றாக இருக்கும் தட்டு ‘நியர் மின்ட்’. அதற்கும் மேலே ‘மின்ட்’ என்று ஒன்று உண்டு. அது உறை பிரிக்காத தட்டுக்கு மட்டும். உள்ளே என்ன இருக்கிறதென்று எவனும் பார்க்காததற்குத்தான் முதலிடம்.

இந்த மொழியைக் கற்றுக்கொள்ள எனக்குச் சிரமம் இருக்கவில்லை. அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஊழியர்களைப் பற்றிய எங்கள் ரகசியக் குறிப்பிலும் ‘நன்று’ என்று எழுதப்பட்டவன் பதவி உயர்வை மறந்துவிட வேண்டியதுதான். ஆகவே ஓய்வுக்குப் பிறகு கடலூர் வீட்டு முன்னறையில் மேசை போட்டுப் பழைய தட்டுகளை வாங்கி விற்கத் தொடங்கியபோது, ஒரே நாற்காலியில் தொடர்ந்து உட்கார்ந்திருப்பதுபோலத்தான் இருந்தது.

முறை எனக்கு முக்கியம். தட்டை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பார்ப்பேன். கீறல் கண்ணுக்கு மட்டும் தெரிகிறதா, நகத்துக்கும் தட்டுப்படுகிறதா என்று தடவிப் பார்ப்பேன். இரண்டு பக்கமும் முழுக்கக் கேட்பேன். உப்புக் காற்று இங்கே உறைகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும்; அதையும் விவரத்தில் எழுதுவேன். மற்ற விற்பனையாளர்கள் தேங்காய் எண்ணெய் தடவிப் பளபளப்பாக்கிப் படம் எடுத்து ‘நியர் மின்ட்’ என்று போடுவார்கள். என் பக்கத்தில் ஒரு புகார்கூட இருந்ததில்லை.

போன வருடம் வரை.

என் தங்கையின் கணவர் சிதம்பரத்தில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, ஸ்ரீமுஷ்ணம் தேர் எல்லாவற்றுக்கும் அவருடைய குழாய் ஒலிபெருக்கிதான் கத்தும். அந்தக் காலம் போய்விட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை. அந்தக் குழாய்க்கு எதிரே வீடு அமைந்த எவனுக்கும் இருக்காது. அவரிடம் மிஞ்சியவை ஒரு பழைய பிளேயரும் தகரப் பெட்டிகளில் தட்டுகளும். தட்டுகளை விற்றுத் தரச் சொன்னார்.

“ஓடாத படத்துக் கவரு நாலஞ்சு கெடக்கும் மச்சான். அதெல்லாம் வேஸ்ட்டு. தொடாதீங்க, அப்புடியே வுட்டுடுங்க.”

“வேஸ்ட்டா இல்லையான்னு பாக்கத்தான மாப்ள என்னயக் கூப்ட்டீங்க?”

“பாக்க வாணாம்னு சொன்னா நீங்க பாக்காம இருக்கப்போறீங்களா” என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போய்விட்டார்.

நான் பார்த்தேன். அவர்கள் தொழிலில் உறைக்கும் தட்டுக்கும் உறவே கிடையாது. அவசரத்தில் கைக்கு வந்த உறையில் கைக்கு வந்த தட்டு போகும். இரண்டு நாள்கூட ஓடாத ஒரு படத்தின் பச்சை உறைக்குள் ஒரு நாதஸ்வரத் தட்டு இருந்தது. லேபிளில் மஞ்சளாகக் கறை, ஊசி முதலில் ஓடும் வெளிவரிகளிலும் கொஞ்சம். ஆரம்பத்தில் பொரிந்தது, பிறகு சுத்தம். ‘வெரி குட், கறை உண்டு, உறை வேறு’ என்று எழுதிப் போட்டேன். பெங்களூரில் ஒருவர் வாங்கினார்.

தட்டு போய்ச் சேர்ந்ததும் அவர் புகார் எழுதினார். தட்டில் இருப்பது பூஞ்சையாம். அது அவருடைய மற்ற தட்டுகளுக்கும் பரவுமாம். இப்படிப்பட்ட ஏமாற்றுக்காரர்களைத் தளத்தில் எப்படி விடுகிறார்கள் என்று ஒரு கேள்வி வேறு.

எனக்கு ரத்தம் கொதித்தது. ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்று சான்றளிப்பதற்குக்கூட ஆளை நேரில் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவன் இல்லை நான். கறை உண்டு என்று எழுதியிருக்கிறேன், படம் இருக்கிறது, பூஞ்சைக்கு எங்காவது சந்தன வாசனை வருமா? தளத்தின் விதிகளை ஒன்று விடாமல் படித்தேன். எனக்கு முன் இரண்டே பொத்தான்கள். ‘மறுக்கிறேன்’ என்றால் சான்று தர வேண்டும். ‘ஏற்கிறேன்’ என்றால் தட்டு திரும்பி வரும், என் பெயருக்குக் கீழே ‘தவறான விவரம் தந்தவர்’ என்று நிற்கும். மறுப்பைத் தயார் செய்தேன். சட்டம் முழுக்க என் பக்கம். கறை எதனால் வந்தது என்று மூலத்திலிருந்து ஒரு வாக்குமூலம் வாங்கிச் சேர்த்தால் முடிந்தது. சிதம்பரத்துக்குப் போன் போட்டேன்.

“மாப்ள, ஒரு நாயனத் தட்டு. லேபிள்ல மஞ்சக் கறை. சந்தனந்தான அது?”

“எந்தக் கவருல இருந்துச்சி மச்சான்?”

“பச்சக் கவருல.”

போன் கை மாறியது. தங்கைதான் பேசினாள். “என்னாண்ணே சொன்ன அவருகிட்ட? சோத்துல கைய வச்சவரு அப்புடியே எந்திரிச்சிட்டாரு. நீ பொறப்புட்டு வா.”

பஸ்ஸில், ரசாயன ஆலைகள் இருக்கும் குடிகாடு தொடங்கிச் செம்மங்குப்பம் தாண்டும்வரை எல்லோரும் வழக்கம்போல் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். என் கோபத்தில் எனக்கு அந்த நாற்றம்கூட உறைக்கவில்லை.

விஷயம் இதுதான். அது அவருடைய ‘மொத தட்டு’. எந்த விசேஷமானாலும் ஒலிபெருக்கி கட்டி முடித்ததும் ஊசி முதலில் விழுவது அதில்தான். ஆயுத பூஜையன்று ஆம்பிளிஃபயருக்கு வைப்பதுபோல் அதற்கும் சந்தனப் பொட்டு வைப்பார். வருடா வருடம் வைத்தது, சாமிக்கு நிமிர்த்திக் காட்டும்போது வழிந்து வெளிவரிகள்வரை இறங்கியிருக்கிறது. புயலில் கடைக் கூரை பறந்த அன்று சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓடி வந்தது அந்த ஒன்றைத்தான். தொழிலில் வேறு யாரும் அதை எடுத்துவிடக் கூடாதென்று எவனும் தொடாத படத்தின் உறையில் ஒளித்து வைத்திருந்தார். எவனும் தொடாததைத் தொட்டவன் நான்.

“சொல்றதுக்கு வாய் இல்லயா மாப்ள?”

“சொன்னா சிரிப்பீங்க. தட்டுக்குப் போயி பொட்டு வைக்கிறான் பாருன்னு.”

“சிரிப்பேன்தான். சிரிச்சிட்டு எடுத்து வச்சிருப்பேன்ல?”

“அண்ணன் சிரிச்சி நான் பாத்ததே இல்ல” என்றாள் தங்கை. “ரெண்டு பேரும் ஆயுத பூஜைக்குள்ள ஒரு முடிவுக்கு வாங்க. தட்டு இல்லாத வெறும் பலகைக்கு நான் படைக்க முடியாது.”

வாங்கியவரிடமே தட்டைத் திருப்பித் தரும்படி கேட்டு அங்கிருந்தே எழுதினேன். புகார் முடியும்வரை எதையும் புகார் வழியாகவே பேச வேண்டும் என்று பதில் வந்தது. அவரும் விதி படித்தவர். ஆக நிலைமை இப்படி: நான் ஜெயித்தால் தட்டு பெங்களூரிலேயே தங்கும். தோற்றால் சிதம்பரத்துக்கு வரும்.

“ஒத்துக்கிட்டா என்னாவும் மச்சான்?”

“தப்பா சொல்லி வித்தவன்னு என் பேருக்குக் கீழ போடுவான்.”

“எத்தினி நாளைக்கு?”

“அது அழியாது.”

அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். ஈரமே இல்லாத கை. “அப்ப வாணாம் மச்சான். உங்க பேருதான் பெருசு. தட்டு கெடக்குது.”

எல்லாவற்றையும்விட இதுதான் எனக்கு எரிச்சலூட்டியது. அவர் கெஞ்சியிருந்தால் விதியைக் காட்டி மறுத்திருப்பேன். அலுவலகத்தில் கெஞ்சுகிறவர்களை அப்படித்தான் அனுப்புவேன். சண்டை போட்டிருந்தால் இன்னும் சுலபம். விட்டுக்கொடுக்கிறவரை என்ன செய்வதென்று எந்தக் கையேட்டிலும் இல்லை.

கைப்பேசியை எடுத்தேன். ‘பொருளில் பூஞ்சை இருந்ததை நான் தெரிவிக்கவில்லை’ என்ற வாசகத்துக்கு எதிரே ஒரு கட்டம். அது பொய் என்று எனக்குத் தெரியும். கட்டத்தைத் தொட்டேன். அடுத்த நொடியே நன்றி சொல்லி, நேர்மைதான் எங்கள் சமூகத்தின் அடித்தளம் என்று ஒரு செய்தி வந்தது. தங்கை கொண்டுவந்த காபியைக் குடிக்காமல் கிளம்பிவிட்டேன்.

பார்சல் கடலூருக்கு வந்தது. பிரித்தால் தட்டு பளிச்சென்று இருந்தது. உள்ளே ஒரு துண்டுச் சீட்டு: பூஞ்சையை அவரே திரவம் போட்டு முழுக்க நீக்கிவிட்டாராம், இனியாவது நான் பொறுப்போடு விற்க வேண்டுமாம். அந்தக் காகிதத்தை அறை முழுக்க நடந்து நடந்து படித்தேன். விற்ற நிலையிலேயே திருப்ப வேண்டும் என்பது அவர்கள் விதி. கழுவியது மீறல். மேல்முறையீடு செய்தால் நிச்சயம் ஜெயிப்பேன், என் பெயருக்குக் கீழே இருக்கும் வரியும் போய்விடும். ஆனால் தட்டைப் பரிசோதனைக்கு அவர்களுக்கு அனுப்ப வேண்டும். அது எப்போது திரும்பும், திரும்புமா என்று எந்த விதியும் சொல்லவில்லை. ஆயுத பூஜை அந்த வாரம்.

பூஜையன்று நானே எடுத்துப் போனேன். அவர் வாங்கி, வெளிச்சத்துக்குச் சாய்த்து, லேபிளைக் கட்டை விரலால் தடவினார்.

“பொட்டு எங்க மச்சான்?”

“கழுவிட்டான்.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

போட்டுக் கேட்டோம். ஆரம்பத்தில் இருந்த பொரிச்சல் இல்லை. ‘நியர் மின்ட்’, சந்தேகமே இல்லை. என் மேசைக்கு வந்த தட்டுகளில் இப்படி ஒன்றை நான் அதிகம் கேட்டதில்லை. அவர் பாதியிலேயே ஊசியைத் தூக்கினார்.

“வேற யாரோட தட்டோ மாரி இருக்குது.”

தங்கை சந்தனக் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் விரலைத் தோய்த்தார்.

“லேபிளோட நிறுத்துங்க மாப்ள” என்றேன். “வரியில எறங்குனா போச்சு.”

“தெரியும் மச்சான்.”

“தண்ணி ஜாஸ்தி. கெட்டியா கொழைக்கச் சொல்லுங்க.”

“அண்ணே, நீ கொஞ்சம் தள்ளி நில்லு. சாமிக்கு மறைக்குது.”

பெரிய பொட்டாக வைத்தார். அது லேபிளின் விளிம்பில் கொஞ்சம் தயங்கி, பிறகு ஒரு சின்னக் கால்வாய்போல் இறங்கி வரிகளுக்குள் போனது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ‘வெரி குட் பிளஸ்’. ‘வெரி குட்’. அவர் நிமிர்த்திச் சாமிக்குக் காட்டியபோது இன்னொரு சொட்டு வெளிவிளிம்புவரை ஓடி, ‘குட்’.

காய்ந்த பிறகு மறுபடியும் போட்டார். முதல் சுற்றிலேயே பழையபடி பொரிந்தது. அவர் சத்தத்தைக் கூட்டினார்.