திட்டாத அக்கா

ஒரு கையை வாஷிங் மெஷினின் வயிற்றுக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவிக்கொண்டே, மறு கையின் கட்டைவிரலால் போனில் பதில் தட்டிக்கொண்டிருப்பார் அந்தச் சர்வீஸ் சென்டர் மெக்கானிக். மெஷின் கம்பெனி இணையத்தில் நடத்தும் மன்றத்தில் அவர் பெயர் 'டிரம் அக்கா'. வாடிக்கையாளர்கள் சந்தேகம் கேட்கும் இடம் அது. அங்கே பதில் சொல்வது அவர் வேலை இல்லை. யாரும் சொல்லச் சொல்லவும் இல்லை. சும்மா இருக்க முடியாது, அவ்வளவுதான். பதிலுக்கு முன்னால் ஒரு வசவு கட்டாயம் உண்டு. "நாலு சட்டைக்கு அரை டப்பா சோப்பா? மெஷினுக்கே நுரை தள்ளுது, பாவம்!" என்பார். திட்டு வாங்கியவர்கள் நன்றி சொல்லிவிட்டு, அடுத்த வாரம் வேறொரு சந்தேகத்தோடு வந்து நிற்பார்கள்.

கடவுச்சொல் விஷயத்தில் மட்டும் அக்கா மகா சிக்கனம். மன்றம், மின்னஞ்சல், வங்கி, மகளின் பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் ஒன்றே ஒன்று. "ஒரு வீட்டுக்கு எத்தனை சாவிடா சாமி?" என்பது அவர் கட்சி. அதனால், மன்றத்தின் கடவுச்சொற்கள் களவு போய்விட்டன, உடனே மாற்றுங்கள் என்று கம்பெனி அனுப்பிய மின்னஞ்சலை, பஸ் ஓட்டுநரான கணவர் உரக்கப் படித்துக் காட்டியபோதும் அவர் அசையவில்லை.

"எடுத்துட்டுப் போயி என்ன பண்ணுவான்? நம்ம வீட்டுத் துணியத் துவைப்பானா?"

மறு வாரம் மன்றத்துக்குள் நுழையப் போனால், கடவுச்சொல் தவறு என்று கதவடைத்தது. கணவரின் போனில் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே டிரம் அக்கா ஜோராகப் பேசிக்கொண்டிருந்தார்: "அன்பார்ந்த நண்பர்களே, இலவசப் பரிசோதனைக்கு இந்த இணைப்பைத் தொட்டு வங்கி விவரங்களைப் பதியுங்கள்."

அக்கா போனைப் பிடுங்கி இன்னொரு தடவை படித்தார். தன் பேச்சை நம்பி யாராவது தொட்டுத் தொலைத்தால்? கம்பெனிக்குப் போன் போட்டார்.

"நீங்கதான் டிரம் அக்கான்னு எப்படி மேடம் நம்புறது? விசாரிக்க ரெண்டு நாள் ஆகும்."

"அதுக்குள்ள ஊரே ஏமாந்து போயிரும் தம்பி!"

கணவர் முதல் காரியமாக வங்கியின் கடவுச்சொல்லை மாற்றினார். பிறகு மன்றத்தில் புதுக் கணக்கு ஒன்று திறந்து கொடுத்தார். அது நான் இல்லை, இணைப்பைத் தொடாதீர்கள் என்று அக்கா எழுதினார். "அந்தத் திருடனே நீங்களா இருந்தா?" என்று ஒருவர் மடக்கினார். மன்றத்தின் பழைய ஆளான தையல்காரர் ஒருவர் நடுவில் புகுந்தார்: "சண்டை வேணாம். என் மெஷின்ல கடகடன்னு சத்தம். சட்டைப்பையில பட்டன் கெடந்துச்சு போல. ரெண்டு பேரும் பதில் சொல்லுங்க, பாப்போம்."

பழைய கணக்கு முந்திக்கொண்டது: "அன்பார்ந்த நண்பரே, சிரமத்துக்கு வருந்துகிறேன். இணைப்பைத் தொடவும்."

அக்காவுக்கு அதற்குள் ரத்தம் கொதித்துவிட்டது: "பையத் தடவிப் பாத்துட்டுப் போடுன்னு எத்தனை தடவை சொல்றது? கை எதுக்கு இருக்கு, தாளம் போடவா? மொதல்ல பிளக்கப் புடுங்கு. கீழ் மூலையில சின்ன மூடி இருக்கும். அடியில ஒரு தட்ட வச்சுட்டுத் திற, தண்ணி கொட்டும். பட்டன் அதுக்குள்ளதான் கெடக்கும்."

"இதான்யா நம்ம அக்கா!" என்றார் தையல்காரர். பின்னாலேயே நாலைந்து பேர் கும்பிடு போட்டார்கள். இணைப்பைத் தொட்டுப் பாதி விவரம் எழுதியிருந்த புது மாப்பிள்ளை ஒருவர், பதறிப்போய் எல்லாவற்றையும் அழித்துவிட்டதாக ஒப்புக்கொண்டார். பழைய கணக்கிடமிருந்து அதன்பிறகு பேச்சுமூச்சு இல்லை.

டிரம் அக்கா இன்றும் அதே சர்வீஸ் சென்டரில்தான் இருக்கிறார். இப்போது ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனிக் கடவுச்சொல். அதில் ஒன்றைத் தட்ட வேண்டி வந்தால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கணவரின் தாடையைப் பிடித்து, சன்னல் பக்கம் திருப்பி வைக்கிறார்.