மொரிஸ் மைனரும் மச்சானின் ஆமையும்

என் மனைவியின் தம்பியிடம் ஒரு பீட்டில் கார் இருக்கிறது. என்னிடம் மொரிஸ் மைனர். இரண்டும் எங்களைவிட வயதில் மூத்தவை. சந்திக்கும்போதெல்லாம் எது உசத்தி என்று மல்லுக்கட்டுவோம். என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அது வெறும் விளையாட்டாக இல்லாமல் போயிற்று. யட்டவத்தையிலிருந்து மாத்தளை மண்டபத்துக்குப் பெண்ணை எந்தக் காரில் அழைத்துப் போவது?

தாய்மாமன் என்ற உரிமை அவனுக்கு. பெற்றவன் என்ற உரிமை எனக்கு. என் காரில் நானே ஓட்டிப்போய் அவளை இறக்க வேண்டும் என்று பல மாதமாக மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னோடது ஆயிரத்து நூத்தித் தொண்ணூத்திரெண்டு சீசீ, மச்சான். ஒங்களோடது ஆயிரங்கூட இல்லீங்க" என்றான்.

"சீசீய வச்சி ஊறுகாயா போடப்போற? எனக்கு முப்பத்தேழு குதிர. ஒனக்கு முப்பத்திநாலுதான்."

"மூணு குதிரைக்கா இந்த ஆட்டம்?"

கடைசியில், பெண் போகும் வழியில் இருக்கும் மலை ஏற்றத்தில் ஓட்டிப் பார்ப்பதென்று முடிவாயிற்று. பெண், தோழிகள், சேலை, நகை எல்லாவற்றுக்கும் ஈடாக ஆளுக்கு மூன்று மூட்டை அரிசி ஏற்றினோம். "எம் மக என்ன அரிசி மூட்டையா?" என்று என் மனைவி வாசலில் நின்று கத்தினாள்.

காலையிலிருந்து காரை மெழுகு போட்டுத் துடைத்த மும்முரத்தில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டேன். பாதி ஏற்றத்தில் பொனட்டிலிருந்து ஆவி கிளம்பியது. அவன் உச்சிவரை போய்த் திரும்பி வந்து கண்ணாடியை இறக்கினான்.

"தண்ணி வேணுங்களா மச்சான்? என்னோடது காத்துலயே குளுந்துக்கும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவன் காரின் கூன்முதுகைப் பார்த்து ஊரில் அதை ஆமை என்றுதான் கூப்பிடுவார்கள். ஆமை வீட்டுக்குள் வந்தாலே ஆகாது என்று நம்புகிறவர்கள் நாங்கள். தெரிந்தேதான் சொன்னேன்.

"எம் மக ஆமையில ஏறி வாழப் போகமாட்டா."

அவன் முகம் சுண்டிப்போயிற்று. இறங்கி, என் என்ஜின் ஆறும்வரை நின்றான். பிறகு, என்ஜின் பின்னால் இருக்கும் தன் காரின் முன்பக்க டிக்கியிலிருந்து இரண்டு போத்தல் தண்ணீர் எடுத்து என் ரேடியேட்டரில் ஊற்றிவிட்டுப் போய்விட்டான். தண்ணீரே கேட்காத காரில் போத்தல் எதற்கு? எனக்காகத்தான் கொண்டுவந்திருக்கிறான். வெட்கமாக இருந்தது.

அன்று மாலையே போன் போட்டேன். "ஒன் கார்லயே கூட்டிக்கிட்டுப் போப்பா."

"வேணாங்க மச்சான். ஒங்க காரே போகட்டும்."

மகள் போனைப் பிடுங்கினாள். "மாமா, நீங்க வந்து மொரிஸ ஓட்டுங்க." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்க ஓட்டுனா ரோட்டத்தான் பாப்பீங்க. எங்கூட பின்னால ஒக்காருங்கப்பா."

கல்யாணத்தன்று அவன் கியர் மாற்றிய ஒவ்வொரு தடவையும் எனக்குப் பல் கூசியது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஏற்றம் முடிந்ததும் அவன் திரும்பாமலே சொன்னான்.

"நல்ல இழுவதாங்க மச்சான்."

இத்தனை வருஷமாக அவன் வாயிலிருந்து வராதா என்று நான் காத்திருந்த சொல். அது வந்தபோது நான் மகளின் கையைப் பிடித்து அழுதுகொண்டிருந்தேன்.