சத்தம் கேட்காத வேன்

மலைமேல் செம்மேட்டில் என் மகன் ஒரு பழைய வேனைச் சரிசெய்கிறான். காற்றிலேயே குளிரும் எஞ்சின், இரைச்சல் அதிகம். நேற்று எஞ்சின் மூடிக்குள் ஃபெல்ட் துணி ஒட்டினான். அந்தப் பசையின் வாசனை என்னைப் பத்து வயதுக்குக் கொண்டுபோனது.

அப்பாவும் ஆளேற்றிப் போக இப்படியொரு வேன்தான் ஓட்டினார்; ஆஸ்பத்திரிக்கு மலையிறங்க வேறு வண்டி கிடையாது. எங்கள் மலையின் குண்டூர் நாட்டு ஊர்களில் அதன் இரைச்சல் கேட்ட பிறகுதான் ஆட்கள் வீட்டைவிட்டுக் கிளம்பி, ஒற்றையடிப் பாதையில் ரோட்டுக்கு வருவார்கள். பள்ளியில் என்னை "தகர டப்பா" என்று கேலி செய்தார்கள். நான் இரண்டு நாள் சாப்பிடாமல் அடம்பிடித்தேன். அப்பா புது சைலன்சர் மாட்டி, மூடிக்குள் சாக்கு ஒட்டினார்.

மறுநாள் சத்தமில்லாமல் மலையிறங்கினோம். பெருமையாக முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். மாலையில் திரும்பும்போது, பாதை முனையில் ஒரு பெண் மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். காய்ச்சலில் அது இறந்துவிட்டிருந்தது.

"காலையிலிருந்து காதக் குடுத்துட்டே ஊட்டுல இருந்தனுங்க. வண்டிச் சத்தமே கேக்கலீங்களே."

அப்பா அங்கேயே சாக்கைப் பிய்த்தெறிந்தார். நான் கேட்டுத்தான் ஒட்டினார் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

"இப்ப சத்தம் எப்படிங்கப்பா?" என்று இன்று எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டான் மகன்.

"பாதை முனை வந்தா ஹாரன் அடி, கண்ணு."

"சத்தத்தக் கொறச்சதே அதுக்குத்தானுங்களா?" என்று சிரித்தான்.

அவனிடம் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.