தனபால் உள்ளே இருக்கிறார்

ஓடுகிற மெசினைத் தொடாதே என்பது கம்ப்யூட்டர் சர்வர் பார்ப்பவன் தொழிலில் முதல் பாடம். தொடாவிட்டால் நம்மை எதற்குக் கூப்பிட்டார்கள் என்பது இரண்டாவது பாடம். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தலை நரைத்தவர்கள் இதைப் படிப்பவர்களில் சிலராவது இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற ஆள் என்று என் வீட்டிலேயே பேச்சு உண்டு. எது கூட்டல், எது அசல் என்று நீங்களே தட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உசுரு மாத்துற பெட்டி

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த சமயம். கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு தனியார் சர்க்கரை ஆலை, பேர் வேண்டாம். அங்கே ஒரு கிழட்டு சர்வருக்குக் கெர்னல் மாற்ற என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கெர்னல் என்பது கம்ப்யூட்டருக்குள் நடுவில் உட்கார்ந்து டிஸ்க், திரை, கீபோர்டு எல்லாவற்றுக்கும் வேலை ஏவுகிற ஆதாரப் புரோகிராம். மற்றதையெல்லாம் ஓடும்போதே மாற்றலாம். இதை மாற்றினால் மட்டும் மெசின் ஒரு தடவை செத்துப் பிழைக்க வேண்டும்.

மறியலால் பஸ் தியாகதுருகத்தோடு நின்றுவிட்டது. ஒரு புண்ணியவானின் மொபெட்டில் கள்ளக்குறிச்சி தாண்டும்வரை தொற்றிக்கொண்டு போய், அப்புறம் லேப்டாப் பெட்டியும் கையுமாக நடந்தேன். உச்சி வெயில். இரண்டு பக்கமும் ஆள் உயரக் கரும்பு. காற்றே இல்லை, ஆனால் தோகை மட்டும் சலசலத்துக்கொண்டே என்னோடு கூட வந்தது. நான் நின்றால் அதுவும் நின்றது. வளைவில் ஒரு பஸ், கதவெல்லாம் திறந்து, ஒரு ஈ காக்கை இல்லாமல் நடுரோட்டில் நின்றிருந்தது. கண்டக்டரின் விசில் மட்டும் சீட்டின்மேல் கிடந்தது. ஊதிப் பார்க்க ஆசைதான். ஊதினால் பஸ் கிளம்பிவிடுமோ என்ற பயத்தில் விட்டுவிட்டேன்.

அதைத் தாண்டி மரத்தைக் குறுக்கே போட்டு ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். "பொட்டியில இன்னா பெரியவரே?" என்றார் தலைவர் மாதிரி இருந்தவர். "ஒரு மெசினு. அதோட பழைய உசுர எடுத்துட்டு, இதுல இருக்கிற புது உசுர வைக்கணும்" என்றேன். அவர் பெட்டியைப் பார்த்தார், என் நரைமுடியைப் பார்த்தார். ஆம்புலன்ஸை மட்டும் விடுவது என்று அவர்களுக்குள் பேச்சாம். எழுந்து மரக்கிளையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மற்றவர்களைப் பார்த்து அதட்டினார்:

"வழி வுடுங்கடா, டாக்டரு போறாரு!"

ஓய்வு இல்லாத ஒருத்தன்

ஆலையில் அன்று அரவை இல்லை, ஆளும் இல்லை. கம்ப்யூட்டர் செக்‌ஷனில் வசந்தா என்கிற அம்மாவும் எலக்ட்ரீசியன் முருகேசனும் மட்டும் இருந்தார்கள். சர்வர் ரூம் கதவைத் திறந்ததும் ஒரு ம்ம்ம் என்ற சத்தம் பல்லுக்குள் வந்து உட்கார்ந்தது. மெசினின் நெற்றியில் விபூதிப் பட்டை, சந்தனம், குங்குமம். காலடியில் காய்ந்து கருத்த எலுமிச்சை. ஆயுத பூஜைக்கு ஆலையில் கிரேன் முதல் கத்தரிக்கோல் வரைக்கும் ஓய்வு உண்டாம். இதற்கு மட்டும் கிடையாதாம். வருஷக்கணக்காக நிறுத்தியதே இல்லை. ஏன் என்று கேட்டேன். "நிறுத்துனா ஏந்திரிக்காது சார்" என்றார் முருகேசன். "எப்படித் தெரியும்?" "நிறுத்தனதே இல்லியே, எப்படித் தெரியும்?"

விஷயத்தை வசந்தாம்மாதான் சொன்னார். புதிதாக எடை மேடை வாங்கிவிட்டார்கள். பழைய கெர்னலுக்கு அதன் பாஷை புரியவில்லை. "அரவை தொடங்கறதுக்குள்ள இது அதோட பேசணுமாங்க. இல்லன்னா மெசின காயலான் கடைக்குப் போட்டுட்டு, செக்‌ஷனையே மெட்ராசுக்குத் தூக்கிடுவோம்னு மேனேஜரு சொல்லிட்டாரு. என்னைய இன்னா, கூடவா தூக்கினு போவப் போறாங்க? இந்த வேலையிலதாங்க எங்க வூட்டு அடுப்பு எரியுது."

சூழ்நிலையை லேசாக்க நான் ஒரு கதை விட்டேன். வேறொரு ஊர் அரிசி ஆலையில் நான் பார்த்த சர்வர், நாளைக்கு வரப்போகிற நெல்லுக்கு இன்றைக்கே பில் போட்டுவிடும் என்று. முருகேசன் சிரிக்கவில்லை. மெசினை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"நம்ம மெசினுக்கு அந்தப் பழக்கம் இல்ல சார். இது போனதத்தான் புடிச்சி வச்சினு இருக்கும்."

இன்று காலை ஒன்பது மணிக்கு

லேப்டாப்பை இணைத்து உள்ளே நுழைந்தேன். எந்த மெசினுக்குள் போனாலும் முதலில் உள்ளே வேறு யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பது வழக்கம். ஒரே ஓர் எழுத்து, டபிள்யூ, தட்டினால் போதும். யார், எப்போது நுழைந்தார், கடைசியாகக் கீ தட்டி எவ்வளவு நேரம் ஆயிற்று, எல்லாம் வரும். இரண்டு பெயர்கள் வந்தன. ஒன்று நான். இன்னொன்று தனபால். நுழைந்தது பல வருஷம் முன்பு. கடைசியாகக் கீ தட்டியது அன்று காலை ஒன்பது மணிவாக்கில்.

வசந்தாம்மா சாப்பிடப் போயிருந்தார். "தனபால்னு ஒருத்தர் உள்ள இருக்காரே, யாருங்க? காலையில வேலை பாத்திருக்காரு. அவர வெளிய வரச் சொல்லணும்" என்றேன் முருகேசனிடம். அவர் கையிலிருந்த டெஸ்டரை மெதுவாக மேசைமேல் வைத்தார். "இத முன்ன பாத்துக்கினு இருந்தவரு சார். வசந்தாம்மா வூட்டுக்காரரு. இந்த ரூம்ல இருந்துதான் 'இதோ வந்துடறேன்'னு வண்டிய எடுத்துக்கினு மலைக்குப் போனாரு. கொண்டை ஊசி வளைவுல வுழுந்துட்டாரு. அப்புறந்தான் அந்தம்மாவுக்கு இந்த வேல குடுத்தாங்க."

திரையைத் திரும்பப் பார்த்தேன். மறுபடி டபிள்யூ தட்டினேன். தனபால் அங்கேயேதான் இருந்தார். ஏசி போட்ட ரூமில் எனக்கு முதுகு நனைந்துவிட்டது. முருகேசன் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆறுதலாகச் சொன்னார்:

"சாருக்கு ஒண்ணும் செய்ய மாட்டாரு. தங்கமான மனுசன்."

ஒரு எண்டர்

மறியலால் திரும்ப வழியில்லை. ஆலை விடுதியிலேயே தங்கினேன். தூங்கினேன் என்று சொன்னால் அது கூட்டல். காலையில் ஒன்பதுக்கு முன்பே போய் சர்வர் ரூமுக்கு வெளியே, கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வயசுக்கு இது தேவையா என்று கேட்காதீர்கள். நீங்களும் நின்றிருப்பீர்கள்.

உள்ளே மூலையில் இருந்த திரை, யாரும் தொடாமல், விட்டு விட்டு மினுக்கியது. இருட்டில் கண் சிமிட்டுவது மாதிரி. அப்புறம் மெசினுக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்தது. வளையல் போட்ட கை. வசந்தாம்மா ஊதுவத்தியை மெசினுக்குக் காட்டிவிட்டு, அதே கையால் அந்தத் திரைக்குக் கீழே இருந்த கீபோர்டில் எண்டரை ஒரே ஒரு தடவை தட்டினார். தட்டிவிட்டு ஒரு நிமிஷம் அப்படியே நின்றார், ஆள் யாரோ பதில் சொல்லப் போகிற மாதிரி.

உள்ளே போனேன். அவர் பயப்படவில்லை. "பாத்துட்டீங்களா சார்? ஒரு நாளுக்கு மேல சும்மா இருந்தா, உள்ள இருக்கிறவங்கள இது வெளிய தள்ளிடுமாம். அவரே போட்டு வச்ச ரூல்தான். அவரு போன சமயத்துல முருகேசு அண்ணன் கரண்டு போய் மெசினு பேட்டரிக்கு மாறும்போதெல்லாம் திரை உயிரோட கீதான்னு எண்டர் தட்டிப் பாத்துக்கினு இருந்திருக்காரு. அதனால தப்பிச்சிது. நான் வேலைக்கி வந்து, அவரு பேர இதுல பாத்தனா... அப்புறம் வுடல." ஞாயிற்றுக்கிழமை? வருவாராம். நைனார்பாளையத்தில் அம்மா வீட்டுக்குப் போனால் முருகேசன் தட்டுவாராம். "இப்ப பஸ்ஸே ஓடலியேம்மா, நேத்து எப்படி வந்தீங்க?" என்றேன். ஊதுவத்திச் சாம்பலை உள்ளங்கையில் தட்டிக்கொண்டே சொன்னார்:

"கரும்பு டிராக்டர்லதாங்க. ஒரு எண்டருக்காக அத்தினி தூரமான்னு டிரைவரு கேட்டாரு, வூட்டுக்காரர எழுப்பணும்னு சொன்னன்."

தள்ளி வுட வேணாம்

கெர்னலை ஏற்றுவது பெரிய வித்தை இல்லை. பழையதை அழிக்காமல் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் புதியதை வரிவரியாகக் கட்டளை தட்டி உட்கார வைத்தேன். அதுவரைக்கும் மெசினுக்கு ஒன்றுமே தெரியாது. கடைசியாக ஒரு சொல் பாக்கி: ரீபூட். என் விரல் போகவில்லை. "வசந்தாம்மா, இத அடிச்சா மெசின் ஒரு தடவ படுத்து எழும். உள்ள யாரு இருந்தாலும் போயிடுவாங்க" என்றேன்.

அவர் திரையில் இருந்த பேரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முருகேசன்தான், "வேலையும் போயி மெசினும் காயலான் கடைக்குப் போச்சுன்னா, அப்ப மட்டும் அவரு எங்க இருப்பாரு, தங்கச்சி?" என்றார். வசந்தாம்மா என்னைப் பார்த்தார். "ரீபூட்டுன்னா அவரப் புடிச்சித் தள்ளுமா சார்?" "ஆமாம்மா." "தள்ளி வுட வேணாங்க. அவரா போவட்டும்." தனபாலின் கீபோர்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். வெளியேறுவதற்கான எக்ஸிட் என்ற சொல்லை ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். எண்டரின்மேல் விரலை வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். தட்டினார். திரையிலிருந்து தனபால் போய்விட்டார். யாராவது பேர் சொல்லி வாருங்கள் என்று வெறும் திரை நின்றது.

நான் ரீபூட் தட்டினேன். அந்த ம்ம்ம் இறங்கியது. இறங்கி, நின்றது. வருஷக்கணக்காக அந்த ரூமில் சத்தம் நின்றதே இல்லை. சுவரில் ஒரு பல்லி இருந்தது அப்போதுதான் காதுக்குத் தெரிந்தது. பிறகு விசிறி சுற்றி, திரையில் வெள்ளை எழுத்துக்கள் ஓடி, பாதியில் உறைந்தன. புதுக் கெர்னல் கண் விழித்து, டிஸ்க்கைக் காணோம் என்று அலறி நின்றுவிட்டது. எங்கள் தொழிலில் இதற்குப் பேரே பேனிக், அதாவது பீதி. முருகேசன் மெசினைப் பார்த்துக் கைகூப்பினார்:

"அவரு கிளம்புனதும் இதுவும் கூடவே கிளம்பிடுச்சி சார்."

சொல்லிக்கொண்டு

என் தலையில் இருந்த கொஞ்ச நஞ்சக் கறுப்பு முடியும் அந்த நேரத்தில்தான் வெளுத்தது. மெசினை மறுபடி எழுப்பி, பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தேன். மூச்சு வந்தது. அந்தக் காலத்து டிஸ்க்கோடு பேசத் தெரிந்த, டிரைவர் என்கிற ஒரு சின்னப் புரோகிராம், புதியது கண் திறக்கும்போதே அதன் கையில் இருக்க வேண்டும். நான் கட்டிய மூட்டையில் அது விட்டுப்போயிருந்தது. சேர்த்துக் கட்டினேன். மறுபடி ரீபூட். மறுபடி அந்தப் பாழான அமைதி. பல்லி ஒரு தடவை கத்தியது. எழுத்துக்கள் ஓடின, போன தடவை உறைந்த இடத்தில் தயங்கின, தாண்டின. முருகேசன் வெளியே ஓடி, புது எடை மேடைமேல் ஏறி நின்றார். அவருடைய எடை உள்ளே திரையில் வந்தது. செக்‌ஷன் மெட்ராசுக்குப் போகவில்லை.

கிளம்புமுன் யார் யார் வந்தார்கள், எப்போது வெளியேறினார்கள் என்கிற வருகைப் பதிவை ஒரு தடவை ஓடவிட்டேன், எல்லாம் சரியாக முடிந்திருக்கிறதா என்று பார்க்கத்தான். வசந்தாம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். தனபால் என்று இருந்த வரியில் உள்ளே வந்த தேதி பழையது. வெளியே போன தேதி அன்றையது. அந்த வரியைச் சுட்டுவிரலால் தொட்டார். அழுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் இருந்தது, பஸ் ஏற்றிவிட்டுத் திரும்புகிறவர்களின் முகம்.

"அன்னிக்கு 'இதோ வந்துடறேன்'னு பாதியில வுட்டுட்டுப் போனாருங்க, இன்னிக்குத்தான் சொல்லிக்கினு போயிருக்காரு."

இத்தனை வருஷத்தில் எத்தனையோ மெசினை எழுப்பியிருக்கிறேன், ஒரு மனுஷனை வழியனுப்பியது அந்த ஒரு தடவைதான், அதற்கும் ஆலைக்காரர்கள் பில்லில் 'சாஃப்ட்வேர் பராமரிப்பு' என்றுதான் போட்டுக் கொடுத்தார்கள்.