குளிர்ந்த மேகத்துக்குள் இரண்டு பேர்

பவித்ரா, தினேஷ், நான் வேலை பார்க்கும் கோளரங்கத்தில் தினமும் பகல் பதினொரு மணிக்கு ராத்திரி வந்துவிடும். வெளியே வளைகுடா வெயில் கொளுத்தும். உள்ளே கதவைச் சாத்தி விளக்கை அணைப்பது என் வேலை. அப்புறம் கூரை முழுக்க நட்சத்திரம். ரவி சித்தப்பாவின் பிள்ளைகள் இங்கே வருகிறார்களே, நாங்கள் எப்போது என்று கேட்டிருந்தீர்கள். நடந்ததை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். உங்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இப்போது காட்டுவது பெரிய நட்சத்திரங்கள் பிறக்கும் கதை. வானத்தில் நட்சத்திரமே தெரியாத கறுப்புத் திட்டுகள் உண்டு. அவை காலியிடம் இல்லை; வாயுவும் தூசியும் அடைந்த, உறையவைக்கும் குளிர் மேகம். அந்தக் குளிருக்கு நம் பெரகல மலைக் குளிர் அடுப்படி மாதிரி. விளக்கம் சொல்லும் எகிப்துக்கார மேடத்திடம், எங்கள் ஊரில் மேகம் வீட்டுக்குள்ளேயே வரும் என்றேன். கூரை உடைந்திருக்கிறதா என்று பாவமாகக் கேட்டார். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. கொஸ்லந்தயில் நம் தேயிலைத் தோட்ட லயத்து வீட்டின் ஓட்டைத் தகரக் கூரை உங்களுக்குத் தெரியுமே.

மேகத்துக்குள் வாயு முடிச்சு முடிச்சாகத் திரளுமாம். எது பெரிதாகும் என்று முதலில் சொல்ல முடியாது. நடுவில் இருப்பதை நோக்கி நாலாபக்கமிருந்தும் வாயு ஓடிவரும், அது வளரும். ஓரத்தில் இருப்பவை சிறிதாகவே நின்றுவிடும். இப்படித்தானா என்று இன்னும் ஆராய்கிறார்களாம்.

ரவியும் நானும் ஒரே லயம். அவனை இங்கே கூப்பிட்டுக்கொண்டதே நான்தான். மேற்பார்வையாளர் வேலை காலியானது. அதில் இருப்பவர்தான் குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம். எனக்கென்று பேச்சிருந்தது. போன தீபாவளிக்கு உங்களைப் பார்க்க வந்து திரும்பியபோது அந்த வேலையில் ரவி இருந்தான். நான் ஊரோடு போய்விடப் போகிறேன் என்று மேலாளரிடம் சொல்லியிருக்கிறான். ஏன் என்று அவனிடம் கேட்டேன்.

"நீங்கதானண்ணே ஊருக்குப் போறதா சொன்னீங்க."

"போயிட்டு வர்றேன்னு சொன்னேன்டா. வர்றத எங்க விட்ட?"

"எனக்கு வந்த இங்கிலீஷ் அவ்வளவுதாண்ணே" என்று சிரித்தான்.

மேகத்துக்கு மனசு கிடையாது. யாருடைய பங்கு எங்கே போகிறது என்று அதற்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும். பவித்ராவைத் தோளில் வைத்துக்கொண்டு தேர் பார்க்கப் போனவன் அவன். ஆகவே பிள்ளைகளே, இப்போதைக்கு உங்களை அழைக்க முடியாது.

நேற்று அவன் குடும்பம் வந்து இறங்கியது. "ஏர்போர்ட்டுக்கு வாங்கண்ணே" என்றான். போகவில்லை. கடைசிக் காட்சி முடிந்து எல்லோரும் போனபின் நடுவரிசையில் போய் உட்கார்ந்தேன். இங்குள்ள இருக்கைகள் ஆள் எழுந்ததும் தாமாக மடங்கிக்கொள்ளும். என் இரண்டு பக்கத்து இருக்கைகளையும் மடங்கவிடாமல் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.