பட்டாபி சாமிக்குப் பத்தடி பாக்கி

டில்லி ஆர்.கே. புரம் குவார்ட்டர்ஸில் பட்டாபி என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று தெரியாது. முக்கால் பட்டாபி என்று கேட்டால் மாடிப்படி வரைக்கும் கூட வந்து காட்டுவார்கள். மத்திய அரசு ஆபீஸில் அஸிஸ்டெண்ட். தங்கமான மனுஷன். எதை எடுத்தாலும் முக்கால் பங்கு செய்வார், மிச்சம் அப்படியே நிற்கும். டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சைக்குப் பணம் கட்டினார், போகவில்லை. இந்திப் பரீட்சையில் கடைசிப் படி ஏறவில்லை. துவாரகாவில் சொசைட்டி பிளாட் ஒன்றுக்குப் பாதி தவணை கட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டார். கூடத்துக்குப் பெயிண்ட் அடித்தவர் மூன்று சுவரோடு நிறுத்தினார். நாலாவது சுவரில் காலண்டர்களை மாட்டி மறைத்தது அவர் சம்சாரம் காமாக்ஷி.

சபரிமலைக்கும் அப்படித்தான் ஆயிற்று. முதல் தடவை மாலை போட்டுப் பத்தொன்பதாம் நாள் பெரியப்பா போய்விட்டார். தீட்டு, மாலையைக் கழற்றியாயிற்று. அடுத்த தடவை முப்பத்திமூன்றாம் நாள் சித்தப்பா. அதை அவர் குற்றம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் மூன்றாம் தடவை அவர் மாலை போடுகிறார் என்றதும் அவர் சொந்தக்காரர்களில் வயதானவர்கள் எல்லாரும் டாக்டரிடம் போய் ஒருமுறை காட்டிக்கொண்டார்கள் என்று எங்கள் பஜனைக் கோஷ்டியில் பேச்சு. நான் அந்தக் கோஷ்டிக்குச் சமையல் செய்பவன். பெரியவர்களைப் பற்றி அப்படிச் சிரித்திருக்கக் கூடாது. சிரித்தேன், சுவாமி மன்னிக்கட்டும்.

அது 2003. அவர் பெண் மேதா பிளஸ் டூ படித்தாள். அவளை நீச்சல் வகுப்புக்கு அழைத்துப் போய் மூன்று வருஷமாகக் கரையில் உட்கார்ந்திருந்தவர், சும்மா உட்காருவதைத் தண்ணீரிலேயே உட்காரலாமே என்று நீச்சல் மாஸ்டர் சொல்லப்போய் இறங்கிக் கற்றுக்கொண்டவர் பட்டாபி. தெற்கு டில்லியில் ஒரு கிளப்பில் டிரையத்லான் என்று ஒரு பந்தயம் வைத்தார்கள். முக்கால் கிலோமீட்டர் நீச்சல், உடனே இருபது கிலோமீட்டர் சைக்கிள், உடனே ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். எல்லாம் இரண்டு மணி நேரத்துக்குள். இதுதான் சின்னப் பந்தயமாம், பெரியது வேறே இருக்கிறதாம். அப்பாவின் பெயரை மேதாதான் கொடுத்துவிட்டு வந்தாள்.

"அப்பா, இது மட்டும் பூரா கர்னா, முழுசா முடிச்சுடணும். ப்ளீஸ். ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொல்லிட்டேன்" என்றாளாம்.

இவரும் சரி என்றார். வாழ்க்கையில் ஒரு காரியமாவது கடைசி வரை போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்குப் புளியோதரை கிளறக் கூடமாட நின்றபோது சொன்னார். கண் கலங்கியிருந்தது. வறுத்த மிளகாய் நெடியாகவும் இருக்கலாம்.

பந்தயம் நவம்பர் கடைசி ஞாயிறு என்று பிறகுதான் தெரிந்தது. விரதம் தொடங்கி இரண்டு வாரம் கூட ஆகாத சமயம். கழுத்தில் மாலை, முகத்தில் தாடி, காலில் செருப்பு கூடாது. எங்கள் குருசாமி கரோல் பாக் சந்திரமௌலி, பதினெட்டு தடவை மலை ஏறியவர். அவரிடம் உத்தரவு கேட்டோம். அவர் கண்ணை மூடி யோசித்து, நீச்சல் டிராயர் என்ன நிறம் என்று கேட்டார். கறுப்பு என்றதும் தோஷமில்லை என்று விட்டார்.

அன்றைக்குக் காலையில் கோஷ்டி முழுக்க டெம்போ பிடித்துப் போனோம். பத்துப் பேர், எல்லாரும் கறுப்பு வேட்டி, வெறுங்கால். வாசல் காவல்காரர் எங்களைப் பார்த்துவிட்டு யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று தொப்பியைக் கழற்றினார்.

வந்திருந்த மற்றவர்கள் பெரிய கம்பெனி ஆட்கள். அவர்கள் சைக்கிளை ஒரு விரலால் தூக்கலாம். பட்டாபி சாமியின் சைக்கிளுக்கு கேரியர், ஸ்டாண்டு, பெல், பூட்டு எல்லாம் உண்டு. பந்தயத்தை நடத்தியவர் ஓய்வு பெற்ற மேஜர் ஒருவர். கழுத்தில் எதுவும் இருக்கக் கூடாது என்று மாலையைக் கழற்றச் சொன்னார். மலைக்குப் போய் வந்துதான் கழற்றுவோம் என்று நாங்கள் பத்துப் பேரும் ஒரே சமயத்தில் இந்தியில் விளக்கினோம். அதைக் கேட்ட களைப்பிலேயே அவர் இறங்கி வந்தார். மாலையை மார்போடு பிளாஸ்திரி போட்டு ஒட்டச் சொன்னார்.

குளத்தில் தண்ணீரைச் சூடாக்கும் மெஷின் அன்றைக்குக் கெட்டுப்போயிருந்தது. கம்பெனி ஆட்கள் காலை வைத்துப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் வீட்டுக்கே போய்விட்டார்கள். தினம் விடியற்காலை நாலரைக்கு மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரில் குளிக்கிறவர் நம்ம ஆள். இறங்கினதும், "சுடுதண்ணி மாதிரின்னா இருக்கு" என்றார்.

நீச்சலில் கடைசிக்கு முந்தினவராகத்தான் கரையேறினார். ஆனால் மற்றவர்கள் உட்கார்ந்து சாக்ஸ் மாட்டி, ஷூ மாட்டி, முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கையில் இவருக்கு மாட்ட ஒன்றுமில்லை. சைக்கிள் பூட்டைத் திறந்ததுதான் தாமதம். பன்னிரண்டு பேரைத் தாண்டிவிட்டார். அந்தப் பன்னிரண்டு பேரும் ரோட்டில் அவரைத் திரும்பத் தாண்டினார்கள், அது வேறு விஷயம். ஒவ்வொருவருக்கும் மரியாதையாக பெல் அடித்து வழிவிட்டார். நாங்கள் டெம்போவில் சரணம் சொல்லிக்கொண்டு பின்னாலேயே போய் உற்சாகம் கொடுப்பதாக ஏற்பாடு. வழியில் நல்ல டீக்கடை ஒன்று வந்ததால் பாதியில் அந்த ஏற்பாடு நின்றுபோயிற்று.

ஓட்டம் கிளப்பைச் சுற்றி ஐந்து சுற்று. சுற்றுக்கு ஒரு கிலோமீட்டர். நாலு சுற்றை வெறுங்காலோடு ஓடினார். ஐந்தாவது சுற்றில் வளைவு திரும்பி வரும்போது பெரிய கடிகாரத்தில் ஒரு மணி ஐம்பத்தாறு நிமிஷம். நாலு நிமிஷம் கையில் இருக்கிறது. மேதா துள்ளிக் குதித்தாள். காமாக்ஷி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். விரதத்தில் இருப்பவரைப் பெண்டாட்டியும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். காமாக்ஷி கூப்பிட்டால் மட்டும் திட்டுகிற மாதிரி இருக்கும். "சாமி நின்னுடாம வரணும்" என்றார்.

பந்தயம் முடிகிற கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்க பாஸ் வேண்டும். எங்களிடம் இல்லை. ஆகையால் குருசாமி கோட்டுக்குப் பத்தடி முன்னால், விபூதிப் பையோடு, வலது கையைத் தூக்கி நின்றார்.

குருசாமியைக் கண்டால் விழுந்து கும்பிடுவது எங்கள் வழக்கம். காலையும் மாலையும் பழகின உடம்பு. தலை சுற்றிக்கொண்டு வந்த பட்டாபி சாமிக்குக் கோடு கண்ணில் படவில்லை, குருசாமியின் பாதம்தான் பட்டது. அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

ஆள் மயக்கம் போட்டுவிட்டான் என்று முதலுதவிக்காரர்கள் இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்தார்கள். தூக்கிப் போட்டு, மூக்கிலும் வாயிலும் ஆக்ஸிஜன் மூடியை அமுக்கிவிட்டார்கள். அவர் என்னவோ சொன்னார், யார் காதிலும் விழவில்லை. நாங்களும் இதைப் பந்தயத்தில் ஒரு பகுதி என்றே நினைத்துச் சரணத்தை உரக்கச் சொன்னோம். போகிற ஸ்ட்ரெச்சருக்குக் குருசாமி விபூதியும் பூசினார். ஆம்புலன்ஸ் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஆக, கோட்டைத் தாண்டியாயிற்று. படுத்துக்கொண்டு.

மேஜர் வந்தார். சொந்தக் காலில் வரவில்லை, அடுத்தவர் கை பட்டுவிட்டது, அதனால் கடைசிச் சுற்று செல்லாது, வேண்டுமானால் அதை முதலிலிருந்து ஓடலாம் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. குருசாமியோ, பகவான் கணக்கில் எல்லாம் முடிந்துவிட்டது, பொங்கல் ஆறுகிறது, வீட்டுக்குப் போகலாம் என்றார். எங்களுக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. பொங்கல் நான் வைத்தது.

பட்டாபி சாமி மூடியை எடுத்துவிட்டுக் காமாக்ஷியைப் பார்த்தார். உள்ளங்கால் இரண்டிலும் ரத்தம்.

"பத்தடிக்காக ஒரு சுத்து ஓடணுமாம். ஓடறேளா, ஆத்துக்குப் போலாமா? எதுன்னாலும் சட்டுனு சொல்லுங்கோ" என்றார் காமாக்ஷி. சாமி என்று சொல்ல மறந்துவிட்டார். குரலும் வழக்கமான குரல் இல்லை.

அவர் ஸ்ட்ரெச்சரிலிருந்து இறங்கினார். நொண்டிக்கொண்டே குருசாமியிடம் வந்து கைகூப்பினார்.

"குருசாமி கோவிச்சுக்கப்படாது. நான் வரச்சே செத்த அந்தப் பக்கம் திரும்பிண்டு நில்லுங்கோ."

பதினெட்டு தடவை மலை ஏறிய சந்திரமௌலி குருசாமி கிளப் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். நாங்கள் ஒன்பது பேரும் அவர் பக்கத்தில் வரிசையாகச் சுவரைப் பார்த்து நின்றோம். வாசல் காவல்காரர் ஓடிவந்து, இங்கே அசுத்தம் செய்யக் கூடாது என்று அதட்டினார்.

ஆகையால் பட்டாபி சாமி கோட்டைத் தாண்டியதை நான் கண்ணால் பார்க்கவில்லை. மேதா போட்ட கூச்சல்தான் கேட்டது. திரும்பினபோது கடிகாரத்தை அவிழ்த்து வேனில் ஏற்றிவிட்டிருந்தார்கள். மேஜர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து இரண்டு மணி ஒன்பது நிமிஷம் என்று எழுதிக்கொண்டார். காகிதத்தில் 'கலந்துகொண்டார்' என்றுதான் போட்டுக் கொடுத்தார்கள். 'முடித்தார்' என்பது இரண்டு மணிக்குள் வந்தவர்களுக்காம்.

சாயங்காலம் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் இரண்டு காலையும் வெந்நீர்ப் பக்கெட்டில் வைத்துக்கொண்டு தூங்கிப்போயிருந்தார். காமாக்ஷி மெட்ராஸில் இருக்கும் தன் அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் எத்தனையாவதாக வந்தார் என்று கேட்டிருக்க வேண்டும்.

"அதெல்லாம் நேக்குத் தெரியாது. முடிச்சுட்டார்" என்றார் காமாக்ஷி.

அக்கா நம்பவில்லை போலிருக்கிறது. இவர் குரலைக் கொஞ்சம் உயர்த்தி, ஒவ்வொரு வார்த்தையாக, இன்னொரு தரம் சொன்னார். பிறகு, தூங்குகிறவர் எழுந்துவிடப் போகிறாரே என்று போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய் மூன்றாம் தரமும் சொன்னார்.