ஆணியில் தொங்கிய சாவி

அனுசுயாவுக்கு வேலை திருத்தணிக்கு வெளியே, ஒரு தனியார் கரண்ட் கம்பெனியின் சப்ஸ்டேஷனில், லைனைப் போட்டு நிறுத்துகிற வேலை. புருஷன் உயிரைக் கொடுத்து வாங்கித் தந்த வேலை அது.

புருஷன் முனியன் லைன்மேன். கம்பத்தில் ஏறுகிறவன் முதலில் அந்த லைனை நிறுத்த வேண்டும். சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போக வேண்டும். வேலை முடிந்து வந்து சாவியை ஆணியில் மாட்டினால்தான் கரண்ட் விடுவார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால், வேலை முடிந்ததென்று முனியன் சாவியை ஒரு கூட்டாளியிடம் கொடுத்தனுப்பினான். அப்புறம்தான் ஒரு கம்பிக்கட்டு தளர்ந்திருப்பதைப் பார்த்தான். மறுபடி ஏறினான். இங்கே ஆணியில் சாவி தொங்கியது, கரண்ட் விட்டார்கள். அவன் இறங்கவேயில்லை.

காரியம் முடிந்ததும் அந்தச் சாவியைக் கேட்டு வாங்கி, அதில் தான் கட்டிக்கொடுத்த சிவப்புக் கயிற்றோடு குளத்தில் எறிந்தாள் அனுசுயா. கம்பெனிக்காரர்கள் பூட்டை மாற்றவில்லை, வேறு சாவி வெட்டிக்கொண்டார்கள்.

இந்த ஆடிக் கிருத்திகையன்று உச்சிவேளை. ரோடு முழுக்கக் காவடி. முருகவேல் என்கிற லைன்மேன் அதே லைனில் ஏறியிருந்தான். அவன் பெண்டாட்டி மோனிகாவுக்கு ஆறாம் மாசம். அனுசுயா தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புகிறாள், ஆணியில் சாவி. கதவில் உள்தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருக்கிறது. சாவியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. பாசி பிடித்த சிவப்புக் கயிறு ஆடுகிறது; காற்றோ துளிகூட இல்லை.

மேனேஜர் கோதண்டபாணி கதவைத் தட்டினார். திறந்ததும் கத்தினார்.

“இன்னாம்மா, கூட்டத்துக்குத் தண்ணி மோட்டார் ஓடலைன்னு போன் மேல போன் வந்துகினு இருக்குது. அதான் சாவி வந்துட்டுதே, லைனைப் போடு!”

“இது முருகவேலு சாவி இல்லீங்க சார்.”

“பின்ன யார்து? எங்க தாத்தாதா?”

“அவன் மூஞ்சியப் பாக்காம போடமாட்டேங்க.”

“வேலை போயிடும், ஆமா.”

“போவட்டும். ஆர்.கே.பேட்டைல தறி ஓட்டிப் பொழச்சுக்கறேன்.”

அவர் ஆணியிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு வெளியே இருந்த சுவிட்சுக்கு நடந்தார். அனுசுயா முந்தி ஓடிப்போய்ப் பூட்டை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். வெயிலில் இரும்பு கொதித்தது. கரண்டே இல்லாத கம்பி தலைக்கு மேலே ங்ஙென்று இரைந்தது. கோதண்டபாணி அண்ணாந்து பார்த்தார். முருகவேலுக்குப் போன் போட்டார். அடித்து அடித்து ஓய்ந்தது. அவள் விடவில்லை. உள்ளங்கை கொப்பளித்தும் விடவில்லை.

கால்மணி கழித்து கேட்டில் வண்டிச் சத்தம்.

“இன்னாக்கா, பூட்டக் கட்டிப் புடிச்சிகினு நிக்கற? அதென்ன உன் பேரப்புள்ளையா?” என்று சிரித்துக்கொண்டே முருகவேல் இடுப்பிலிருந்து சாவியை உருவி நீட்டினான்.

கோதண்டபாணி தன் கையை விரித்தார். அங்கே இன்னொரு சாவி, இன்னும் ஈரம் காயாமல். தேளைத் தொட்டவர்போல உதறிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

அனுசுயா கீழே கிடந்ததை எடுத்துக்கொண்டு கம்பியைப் பார்த்தாள்.

“இன்னாய்யா, தனியாக் கெடக்க முடியலையா? தொணை வேணும்னா என்னைக் கூப்புடு, வரேன். மோனிகா புருசனக் கூப்புடாத.”

இரைச்சல் மெல்ல அடங்கியது. அது முழுக்க அடங்குகிறவரை நின்று கேட்டுவிட்டுத்தான், முருகவேலின் சாவியால் பூட்டைத் திறந்தாள்.